எல்லாக் காருக்கும் பொருந்தும்

உங்களை இந்த வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கறது வேற யாருமில்லீங்க, என்ற பொண்ணுதான். அந்தப் போலீஸ்காரரைத் திட்டாதீங்க, பாவம், கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கச் சொன்னாங்க, நிக்கறாரு. சைக்கிள் ரேஸ். மாநில டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. ரோடு திறக்க இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். காதுகுத்துக்குத்தானே போறீங்க? தாய்மாமன் நீங்க போகாம அங்க யாரு மடியில உட்கார வெச்சுக் குத்தப் போறாங்க? உட்காருங்க. டீ சொல்லட்டுங்களா?

காருக்குப் பின்னாடி இருக்கறது ஏணியான்னு கேட்டீங்க பாருங்க. காலையில இருந்து நீங்க நாலாவது ஆளு. ஒருத்தரு துணி காயப்போடறதான்னு கேட்டாரு. இன்னொருத்தன் பஞ்சுமிட்டாய் விக்கறீங்களாங்கறான். இது சைக்கிள் கேரியருங்க. சைக்கிளைக் கார்ல மாட்டி வெளியூர் கொண்டுபோறதுக்கு. கடையில வாங்கினதில்ல, நானே செஞ்சது. கோயமுத்தூர் கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருக்கறேன், மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையற வேலை. போய் ஆட்டிப் பாருங்க. நல்லா ஆட்டுங்க. அசையுதுங்களா? அசையாது. இந்த வண்டிக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. மூணு சைக்கிள் மாட்டலாம்.

இப்ப எத்தனை மாட்டியிருக்குது? ஒண்ணுமில்ல. அதைக் கேளுங்க நீங்க.

என்ற பொண்ணு பேரு மோனிஷா. பத்தொன்பது வயசு. ஒரே பொண்ணு. காலேஜ் ரெண்டாவது வருஷம். காலேஜ்ல சேர்ந்தப்ப ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்கப்பான்னா. சரி, காலேஜ் போறதுக்குன்னு நினைச்சேன். அது காலேஜ் போற சைக்கிள் இல்லைங்க. மட்கார்டு இல்ல, பெல் இல்ல, ஸ்டாண்டு இல்ல. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை எங்க நிறுத்தறதுன்னு கேட்டேன், நிறுத்தறதுக்கு இல்லப்பா, ஓட்டறதுக்குன்னா. ரெண்டு விரல்ல தூக்கலாம். நான் இருவது வருஷம் ஓட்டின சைக்கிளுக்கு அது பேரன்கூட ஆகாது. ஆனா அவ அதுல ஏறி உட்கார்ந்தா எப்படிப் போவான்னு நினைக்கறீங்க? ஒரு நாள் பாலக்காட்டு ரோட்டுல என்ற வண்டியை ஓரங்கட்டீட்டுப் போயிட்டா. நான் அறுபதுல போறேன். இறக்கந்தான், இருந்தாலும்.

ஜெசிந்தா மேடம்னு ஒருத்தங்க கோச்சு. அவங்கதான் சொன்னாங்க, இவளை மாநில செலக்சனுக்குக் கூட்டீட்டுப் போகோணும்னு. போன வருஷம் இதே ரோட்டுல வெச்சாங்க. அப்ப இந்தக் கரூர் பைபாஸ் திறக்கவே இல்ல, ரோடு போட்டு சும்மா கிடந்துது. மேடம் ஒரு வேன் பிடிச்சு எல்லாப் புள்ளைகளையும் கூட்டீட்டு வர்றதாச் சொன்னாங்க. வேன்ல பசங்களும் வருவாங்களான்னு கேட்டேன். வருவாங்கன்னாங்க. அப்ப என்ற பொண்ணை நானே கூட்டீட்டு வர்றேன்னுட்டேன். இதுல என்னங்க தப்பு? கார் இருக்குது, அப்பன் இருக்கறேன், எதுக்கு வேன்? மோனி முகத்தைத் தூக்கி வெச்சுட்டா. எல்லாரும் ஒண்ணாப் போறோம்பா, நான் மட்டும் தனியா வந்தா நல்லா இருக்காதுங்கறா. நல்லா இல்லாம என்ன, ஏசி வண்டிடா கண்ணு இது.

அப்பத்தான் சைக்கிளை எப்படிக் கொண்டுபோறதுங்கற பேச்சு வந்துது. அங்க ஆரம்பிச்சுதுங்க என்ற சனி.

இந்த வண்டி மேல பாருங்க, ரெண்டு பக்கமும் வெள்ளிக் கம்பி மாதிரி ஓடுதே. வண்டி எடுக்கறப்ப ஷோரூம்காரன் இதுக்குத் தனியாக் காசு வாங்கினான். சாமான் ஏத்தலாம் சார், சும்மா கெத்தா இருக்கும்னான். நானும் நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கறேன், மேல கம்பி வெச்ச வண்டின்னு. சரி, கம்பி இருக்குது, அதுல மாட்டற கேரியரை வாங்கிக்கலாம்னு நூறடி ரோட்டுல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரன் மேல ஏறிப் பார்த்தான். ஒரு விரல்ல தட்டினான். தட்டீட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கறான். சார், இது பிளாஸ்டிக், பசை வெச்சு ஒட்டியிருக்கு, அழகுக்குத்தான், இதுல ஒரு குடை கூட மாட்டக் கூடாதுன்னான்.

மூணு வருஷமுங்க. மூணு வருஷமா நான் தண்ணி ஊத்திக் கழுவித் துடைச்சுட்டு இருந்தது ஒட்டி வெச்ச பிளாஸ்டிக்கை. ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அந்தக் கண்ணாடி ரூம்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த ஆளு வேலையை விட்டுப் போயிட்டாரு சார்ங்கறான். ஆளு போனா கம்பி இரும்பாயிருமா? என்ற வீட்டுக்காரி பூங்கொடி கூட வந்திருந்தா, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

அப்புறம் மோனி போன்ல ஒண்ணு காட்டினா. பின் கதவுல பெல்ட்டு போட்டுக் கட்டறது. எல்லாக் காருக்கும் பொருந்தும்னு பெட்டி மேலேயே அச்சடிச்சிருந்தான். எல்லாக் காருக்கும். என்ற காரு அந்த எல்லாத்துல சேர்த்தி இல்லையா? ஆறு கொக்கி இருந்துது. ரெண்டு மேல, ரெண்டு பக்கத்துல, ரெண்டு கீழ. மேல மாட்டற இடத்துல கண்ணாடிக்கு மேல ஒரு குல்லா மாதிரி நீட்டீட்டு இருக்குது பாருங்க, அதுவும் பிளாஸ்டிக். பெல்ட்டை ஒரு இழுப்புத்தான் இழுத்தேன், படக்குன்னு விரிசல் விட்டுருச்சு. இருங்க, கிட்ட வந்து பாருங்க, இந்த ஓரத்துல. பெயிண்டு அடிச்சு மறைச்சிருக்கறேன். வித்தவனுக்குப் போன் பண்ணினா ஒரு பொம்பளைப் புள்ள இங்கிலீஷ்ல பேசுது, தமிழுக்கு ரெண்டை அமுக்குங்குது, ரெண்டை அமுக்கினா பாட்டுப் போடுது. அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன்.

இன்னொரு கடையில, அடியில கொக்கி வெச்சு அதுல மாட்டற மாதிரி ஒண்ணு இருக்குதுன்னான். வெளிநாட்டுச் சாமான். மாட்டினா நம்பர் பிளேட்டு மறையும் சார், போலீஸ் பிடிப்பாங்கன்னு அவனே சொல்றான். பிடிப்பாங்கன்னு தெரிஞ்சுட்டே எனக்கு விக்கறான். அவன்கிட்டயும் சத்தம் போட்டுட்டுத்தான் வந்தேன்.

இத்தனைக்கும் மோனி முதல் நாள்ல இருந்து ஒண்ணேதான் சொல்லீட்டு இருந்தா. அப்பா, முன் சக்கரத்தைக் கழட்டினா சைக்கிள் பின் சீட்டுல படுத்துக்கும்பா, ஒரு நிமிஷ வேலை, ஸ்பேனர் கூட வேண்டாம். கழட்டிக் காட்டினா. உண்மைதான், ஒரு நிமிஷங்கூட ஆகல. ஆனா பின் சீட்டுல சைக்கிள் படுத்தா மனுசங்க எங்க உட்கார்றது? எங்க அக்கா வசந்தாமணி வர்றா, அக்கா வீட்டுக்கார மாமா வர்றாரு, பூங்கொடி வர்றா. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போறோம், போற வழியில வெள்ளகோவில் பக்கத்துல குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சுட்டுப் போகோணும். அக்கா இல்லாமப் பொங்கல் வெக்க முடியுங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா அத்தைதானே வந்து நிக்கோணும்? நீங்களே சொல்லுங்க, தாய்மாமன் நீங்க, உங்களை விட்டுட்டுக் காது குத்தினா நீங்க சும்மா இருப்பீங்களா? அதைத்தான் நானும் சொன்னேன். ரேஸ் எனக்குப்பா, எதுக்கு அஞ்சு பேருன்னு கேட்டா. பாருங்க கேள்வியை.

கோயமுத்தூர்காரன் கடையில ஏமாந்தான்னா அடுத்து எங்க போவான்? பட்டறைக்குத்தான். நானே அடிச்சுக்கறேன்னு முடிவு பண்ணினேன். ஸ்கொயர் பைப்பு எடுத்தேன், கனமான பைப்பு. பம்பருக்குக் கீழ சேஸிஸ்லயே ஓட்டை போட்டு போல்ட்டு முறுக்கினேன். எவனும் பிளாஸ்டிக்னு சொல்ல முடியாது. முடிச்சு எடை போட்டா முப்பத்தோரு கிலோ. சைக்கிள் எட்டு கிலோ. பட்டறையில பசங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். நல்லாத் தாழ்வா வெச்சேன், பின் கண்ணாடி மறையக் கூடாது பாருங்க, ரிவர்ஸ் எடுக்கோணுமே. சைக்கிள் அடக்கமா அடியில உட்கார்ந்துக்குச்சு. மோனி வந்து பார்த்தா. ரொம்பக் கீழ இருக்குப்பான்னா. கீழ இருந்தாத்தான் காத்துப் பிடிக்காது, உனக்கென்ன தெரியும்னு சொன்னேன்.

டீ ஆறுது, குடிங்க.

அன்னிக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். முன்னாடி நானும் மாமாவும். பின்னாடி அக்கா ஒரு பக்கம், பூங்கொடி ஒரு பக்கம், நடுவுல மோனி, மடியில பொங்கச் சட்டி. ஏழு மணிக்குக் கோயில். மோனிக்கு ஒம்பது இருவத்தாறுக்குக் கிளம்பற முறை. இதை நீங்க புரிஞ்சுக்கோணும். இது எல்லாரும் ஒண்ணா ஓட்டற ரேஸ் இல்ல. ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தரா விடுவாங்க. அவங்கவங்க நிமிஷம் வந்துதுன்னா கடிகாரம் ஓட ஆரம்பிச்சுரும், ஆளு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இது எனக்கு அப்பத் தெரியாது. மோனி சொன்னேங்கறா. சொல்லியிருப்பா, இவ்வளவு அழுத்தமாச் சொல்லல.

பொங்கல் எட்டு மணிக்குள்ள முடிஞ்சுது. கிளம்பியிருக்கலாம். அக்கா பூக் கேட்டுட்டுப் போலாம்னா. எங்க பக்கம் அப்படித்தானுங்க, ஒரு காரியம் தொடங்கறதுன்னா அம்மன் தோள்ல ரெண்டு பக்கமும் பூ வெச்சுட்டு நிப்போம். வலது பக்கத்துப் பூ முதல்ல விழுந்தா உத்தரவு. வெச்சாங்க. விழல. நிக்கறோம். பத்து நிமிஷம். கால் மணி. மோனி வாட்சைப் பார்க்கறா, அக்கா அவ கையைத் தட்டி விடறா, சாமி முன்னாடி என்ன வாட்சுன்னு. அப்பா போலாம்பான்னு என்ற காதுல சொன்னா. சாமி உத்தரவில்லாம எப்படிப் போறதுன்னு கேட்டேன். எட்டு இருவதுக்குத்தான் விழுந்துது. வலது பக்கம்தான் விழுந்துது, அதைச் சொல்லோணும்.

தென்னிலை தாண்டறப்ப டமார்னு ஒரு சத்தம். டயர் போச்சுன்னு வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி நாலு டயரையும் உதைச்சுப் பார்த்தேன். நாலும் கல்லாட்டம் இருக்குது. மாமாவும் இறங்கி உதைச்சுப் பார்த்தாரு. மோனி நடுவுல மாட்டிட்டு இறங்க முடியல, உள்ள இருந்தே கத்தறா, அப்பா சைக்கிளைப் பாருங்க, சைக்கிளைப் பாருங்கன்னு. வண்டி நல்லாத்தான் இருக்குது, பதறாத, நேரமாச்சுன்னுட்டு ஏறி ஓட்டீட்டேன்.

இங்க வந்து இறங்கிப் பார்த்தா, சைக்கிளோட முன் சக்கரத்து டயர் ஒரு பக்கம் உருகி ஒழுகியிருக்குது. டியூப்பு வெடிச்சுப் போச்சு. நான் மாட்டின இடத்துக்கு நேரா சைலன்சர் இருக்குதுங்க. கோயமுத்தூர்ல இருந்து அந்தச் சூட்டுப் புகை அத்தனையும் அந்த டயர் மேல. இப்பச் சொல்லுங்க, சைலன்சரைக் கொண்டுபோய் அங்க வெச்சது யாரு? நானா வெச்சேன்? பின்னாடி ஒரு மனுசன் எதையாவது மாட்டுவான்னு கம்பெனிக்காரனுக்கு ஒரு யோசனை வேண்டாமா?

ஜெசிந்தா மேடம் ஓடி வந்தாங்க. வேன்ல இருந்து வேற சக்கரம் எடுத்து மாட்டினாங்க. வேன் வந்து ஒரு மணி நேரம் ஆச்சாம், புள்ளைகள்லாம் ஓட்டிப் பழகிக் காலைச் சூடாக்கீட்டு நிக்குதுங்க. மோனி பொங்கச் சட்டி பிடிச்ச கையைச் சுடிதார்ல துடைச்சுட்டு ஓடினா. ஒம்பது முப்பத்து மூணுக்குக் கிளம்பினா. ஏழு நிமிஷம் லேட்டு. அந்த ஏழு நிமிஷமும் அவ கணக்குல.

எப்படி ஓட்டினாங்கறீங்க. ஓட்டினதை மட்டும் எடுத்தா அவதான் ரெண்டாவது. மாநிலத்துல ரெண்டாவது. ஏழு நிமிஷத்தைச் சேர்த்தா கடைசி. பட்டியல்ல கடைசியில பேரு, மோனிஷா கே. அந்தக் கே யாருங்க? குழந்தைவேலு. நான்தான்.

விடுவேனா? நேரா மேஜைக்குப் போனேன். கடிகாரம் வெச்சிருந்தவரைக் கேட்டேன், ஆளு வராம கடிகாரம் எதுக்குய்யா ஓடுதுன்னு. ரூல் சார்னாரு. ரூல் புஸ்தகத்தைக் கொண்டான்னேன். கொண்டு வந்து காட்டினாரு. இங்கிலீஷ்ல இருக்குதுன்னேன். மைக் வெச்சிருந்தவனோட ஒரு சண்டை. ஜெசிந்தா மேடம்கிட்டயும் கேட்டுட்டேன், நீங்க முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமான்னு. ரோட்டுல இருந்தவங்க அத்தனை பேரும் கூடிட்டாங்க. யாருக்காக? எனக்காகவா? மோனி வந்து சட்டையைப் பிடிச்சா. அப்பா, போதும், வாங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா.

திரும்பிப் போறப்பவும் அதே மாதிரிதான் உட்கார்ந்தோம், அவ நடுவுல. மூணு மணி நேரம் நான் விடலீங்க. கம்பெனிக்காரன், ஷோரூம்காரன், கடிகாரக்காரன், ஒருத்தனையும் விடல. எந்தக் கோர்ட்டுக்குப் போகலாம், யாருக்கு மனுப் போடலாம், எல்லாம் பேசீட்டே வந்தேன். அக்கா, அடுத்த வருஷம் முன்னாடி நாளே பூக் கேட்டுக்கலாம்னா. பூங்கொடி என்ற தோளைத் தொட்டா ஒருக்கா, நான் கவனிக்கல. மோனி தூங்கறான்னு நினைச்சேன். கண்ணாடியில பார்த்தா முழிச்சுட்டுத்தான் இருந்தா, நேரா என்ற பின்னந்தலையைப் பார்த்துட்டு.

அதுக்கப்புறம் என்கிட்டப் பேசாம இருந்தாளான்னா, இல்லைங்க. பேசுவா. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, எல்லாம் கேப்பா. சைக்கிளைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டா. காலையில எப்பப் போறா, எப்ப வர்றான்னு தெரியாது. மாடிப்படிக்கு அடியில நின்னுட்டு இருந்த சைக்கிளைத் தூக்கீட்டுப் போய் அவ ரூம்ல, கட்டில் பக்கத்துல வெச்சுக்கிட்டா. அதுக்கு ஒரு துணி வேற போட்டு மூடி வெச்சிருக்கறா. யாரு எடுத்துட்டுப் போகப் போறாங்க? நானா?

எனக்கு மனசு கேக்கல. நாலு மாசம் உட்கார்ந்து இதைச் செஞ்சேன். பட்டறை வேலையை ஒதுக்கி வெச்சுட்டு. முழுசா அலுமினியம். ரெண்டடி ஒசத்தினேன். சைலன்சருக்கு மறைப்புத் தகடு. சைக்கிள் உட்கார்ற இடத்துல எல்லாம் ரப்பர் புஷ்ஷு. நம்பர் பிளேட்டைத் தனியா எடுத்து வெளிய வெச்சேன், எவனும் கேள்வி கேக்க முடியாது. ஒண்ணு போதும், இருந்தாலும் மூணு சைக்கிளுக்குச் செஞ்சேன், பைப்பு மிச்சம் இருந்துது. பன்னெண்டு கிலோ. இந்தக் காருக்குப் பொருந்தற கேரியர் உலகத்துல இது ஒண்ணுதான்.

வாசல்ல மாட்டி வெச்சுட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுத்தி வந்து பார்த்தா. குனிஞ்சு சைலன்சரைப் பார்த்தா. ரப்பரைத் தொட்டுப் பார்த்தா. நல்லா இருக்குப்பான்னா. உள்ள போயிட்டா.

நேத்துச் சாயங்காலம் ஜெசிந்தா மேடம் வந்தாங்க, அவங்க காரை எடுத்துட்டு. காருங்களா அது? என்ற வண்டியில பாதி. நாலு பேரு உட்கார்ந்தா முட்டி இடிக்கும். மோனி ரெண்டு சக்கரத்தையும் கழட்டினா, சைக்கிளைப் பின் சீட்டுல படுக்க வெச்சா, சக்கரத்தை மேல வெச்சா, முன்னாடி ஏறி உட்கார்ந்தா. போயிட்டு வர்றேம்பா. அவ்வளவுதான். என்ற வண்டி பக்கத்துல நிக்குது, கேரியர் மாட்டி, கழுவி, டீசல் போட்டு. அந்தப் பொட்டிக் கார்ல போறா. பூங்கொடி நீங்க போகாதீங்க, அவ நிம்மதியா ஓட்டீட்டு வரட்டும்னா. அப்ப நான் வந்தா நிம்மதி இல்லையா? நான் என்ன பண்ணினேன்? சொல்லுங்க, இத்தனையும் கேட்டீங்களே, இதுல எங்க நான் தப்புப் பண்ணினேன்?

யாருகிட்டயும் சொல்லாம வந்துட்டேன். அக்கா இல்ல, பொங்கல் இல்ல, பூ இல்ல. தனியா. ரேஸ் முடிஞ்சா களைச்சுப் போயிருப்பா, திரும்பறப்பவாவது இதுல மாட்டீட்டு என்கூட வரட்டும்னு. சைக்கிள் எக்கேடு கெட்டும் போகட்டுங்க. அவ என்ற கார்ல முன்னாடி சீட்டுல உட்காரோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.

மைக்ல என்ன சொல்றான்? உங்களுக்குக் கேக்குதுங்களா? காத்து அந்தப் பக்கம் அடிக்குது. பதினேழாம் நம்பரா? அதுதான் மோனி நம்பரு. பதினேழுதானே சொன்னான்?

இருங்க. அங்க வர்றது அவதான். பார்த்துட்டா என்னை. கூட யாரு அந்த மூணு பேரு? இந்த டம்ளரைக் கொஞ்சம் பிடிங்க.

*

நீங்க இன்னும் கிளம்பலீங்களா? ரோடு திறந்து விட்டுட்டாங்களே. உங்க வீட்ல வண்டியில இருந்து கூப்பிடறாங்க பாருங்க. ஒரு நிமிஷம் இருங்க, யாருகிட்டயாவது சொல்லோணும் நான்.

மூணாவதுங்க. நாலு பேரை எடுத்திருக்காங்க, அதுல மூணாவது என்ற பொண்ணு. எடுத்தவங்களை இப்படியே வேன்ல பயிற்சி முகாமுக்குக் கூட்டீட்டுப் போறாங்களாம், ஜெசிந்தா மேடமும் அவங்க கார்ல பின்னாடியே போறாங்களாம். வேன்ல. பசங்களும் பொண்ணுகளும். நான் ஒண்ணும் சொல்லல. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன்.

அதுக்குள்ள அவ சொன்னா. அப்பா, இவங்க மூணு பேரையும் எடுக்கல. இவங்க வந்த வேன் இனி கோயமுத்தூர் போகாது. உங்க கேரியர்ல மூணு சைக்கிள் மாட்டலாம்ல? வீட்ல விட்டுடறீங்களாப்பான்னா. நான் வந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. காலையில இருந்தே தெரியுமாம், காரைப் பார்த்துட்டாளாம். பார்த்துட்டுத்தான் ஓட்டியிருக்கா.

அப்ப நீ எப்படா கண்ணு இதுல வருவேன்னு கேட்டேன். அவளே மூணு சைக்கிளையும் தூக்கி மாட்டினா. பெல்ட்டை இழுத்துப் பார்த்தா, கையை வெச்சு ஆட்டிப் பார்த்தா. அசையலைங்க. நல்லாச் செஞ்சிருக்கீங்கப்பான்னா. அப்புறம் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டீட்டுப் போனா, அந்தப் புளியமரத்துக்கிட்ட. பார்த்தீங்கல்ல? என்ற கையைப் பிடிச்சுட்டா. பிடிச்சுட்டுச் சொல்றா, அப்பா, அவங்க தோத்துட்டு வர்றாங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. யாரையும் திட்டக் கூடாது. என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு கேக்கக் கூடாது. என்னைப் பத்தியும் சொல்லக் கூடாது. சும்மா ஓட்டுங்க, அது போதும்னா.

மூணு மணி நேரமுங்க. கரூர்ல இருந்து கோயமுத்தூர் வரைக்கும். மூணு மணி நேரம் ஒரு மனுசன் எப்படிங்க வாயைத் திறக்காம வண்டி ஓட்டறது? நானே கேக்கறேன், தோத்த புள்ளைகளுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்? அந்தக் கடிகாரக்காரனை நாலு கேள்வி கேட்டுட்டாவது வரலாம்ல, அந்த மூணுல குட்டைப் புள்ளைக்கு ரெண்டே செகண்டுல இடம் போச்சாம். ரெண்டு செகண்டு. கேக்கறதுக்கு ஆளில்லைன்னு நினைச்சுட்டானுங்களா?

சரின்னுட்டேன். அவ கையை விடவே இல்ல, வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

போங்க, உங்களுக்கு நேரமாச்சு, குழந்தை அழுதுட்டு இருக்கும். அங்க பாருங்க, வேன் கிளம்பிருச்சு. மோனி எந்த ஜன்னல்னு தெரியல. அந்த மூணும் ஏறி உட்கார்ந்துருச்சுங்க. முன் சீட்டுல உட்கார்ந்திருக்குதே ஒண்ணு, அதுதான் அந்த ரெண்டு செகண்டுப் புள்ள. தலையைக் குனிஞ்சுட்டு இருக்குது, தோள் குலுங்குது.

என்ற பொண்ணு மாநிலத்துல மூணாவதுங்க. ஊருக்கே கேக்கற மாதிரிக் கத்தோணும்போல இருக்குது. உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேன், அதுவும் மெதுவாத்தான் சொல்றேன், கார்க் கண்ணாடி இறங்கியிருக்குது. கதவைத் திறந்தேன்னா அப்புறம் நான் பேசக் கூடாது.